கிருமியை இனம் காணும் பணி



2022-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் தேதி காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரிகளுக்கு வந்த நூற்றுக்கணக்கானவர்களுள் சிலருக்கு வந்திருப்பது காலரா என்று ஆய்வுக்கூடம் உறுதி செய்திருந்தது. பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் சில நாட்கள் விடுமுறை விடப்பட்டது. குடிநீர்க் குழாயில் ஏற்பட்ட கசிவின் வழியாய்க் கழிவுநீர் கலந்ததே காரணம் என்று பேசப்பட்டது. காலரா என்ற சொல்லைப் பாட்டி கதையில் மட்டும் கேட்டிருந்த பிள்ளைகள், அதைத் தங்கள் தெருவிலேயே ஒலிபெருக்கியில் கேட்டார்கள்.

வார்டில் படுக்கையோரமாய் நின்று நோயாளிகளோடு பேசுகிற எங்களிடம் ஜனங்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ‘பேதி என்றால் பேதிதானே ஐயா? உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கிறார்கள், சலைன் ஏற்றுகிறார்கள், ஆள் எழுந்து நடக்கிறான். அது எந்தக் கிருமி, எந்த வகை என்று நாலு நாள் லேபில் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஏன் இவ்வளவு காசு செலவழிக்க வேண்டும்?’

இது நியாயமான கேள்வி. காணிக்கை அனுப்புகிற உங்களில் சிலருக்கும் இது தோன்றியிருக்கலாம். இதற்குப் பதில் சொல்ல, கிருமிகளை இனம் பிரித்து அறிவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒரு விஞ்ஞானியின் பணியை இம்மாதம் உங்களுக்கு விளக்க விரும்புகிறோம். அவர் பெயர் டாக்டர் ஜி. பாலகிருஷ் நாயர். 1954-ல் பிறந்தவர். அவருடைய ஆராய்ச்சி தொடங்கிய இடம் நமக்குத் தூரமானதல்ல. காரைக்காலிலிருந்து கடற்கரையோரமாய் வடக்கே சென்று, தரங்கம்பாடியையும் சீர்காழியையும் தாண்டி, கொள்ளிடத்தைக் கடந்தால் சிதம்பரத்துக்குக் கிழக்கே வருகிற பரங்கிப்பேட்டைதான் அது.

வெள்ளாற்று முகத்துவாரத்தில்

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தருகே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அங்கே பேராசிரியர் ஆர். நடராஜன் முதலியோருடன் சேர்ந்து, 1970-களின் பிற்பகுதியில் நாயர் ஆராய்ந்தது ஒரு கடல் கிருமியை. ‘விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ்’ என்பது அதன் பெயர். பெயர் நீளம்; ஆனால் அதன் கதை நம் கடற்கரைக்காரருக்கு உடனே விளங்கும்.

1950-ல் ஜப்பானின் ஒசாகா நகரில், நம் நெத்திலியைப் போன்ற சிறு மீனை அரைகுறையாய் உலர்த்தி விற்றதைச் சாப்பிட்ட 272 பேர் நோயுற்றார்கள். 20 பேர் இறந்துபோனார்கள். டாக்டர் சுனேசாபுரோ ஃபுஜினோ என்பவர் அதற்குக் காரணமான கிருமியைப் பிரித்தெடுத்தார். ஆனால் அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொல்லுவதில் அறிஞர்களுக்குள் நீண்டநாள் ஒருமனம் ஏற்படவில்லை. ஒருவர் ஒரு குடும்பத்தில் சேர்த்தார். இன்னொருவர் அதை எடுத்து வேறொன்றில் வைத்தார். 1963-ல் ரீச்சி சகசாகி என்பவர்தான் அது காலராக் கிருமியின் உறவுக்காரன், விப்ரியோ என்னும் இனத்தைச் சேர்ந்தது என்று நிலைநாட்டினார். அதன் பின்பே மற்ற நாட்டு மருத்துவர்களும் தங்கள் நோயாளிகளிடம் அதைத் தேடத் தொடங்கினார்கள்.

பரங்கிப்பேட்டையைச் சுற்றிப் பிடிபடுகிற மீன்களில் இக்கிருமி எந்தப் பருவத்தில் எவ்வளவு இருக்கிறது என்று நாயரும் அவருடைய ஆசிரியர்களும் ஆராய்ந்தார்கள். மீனின் செவுளிலிருந்தும் குடலிலிருந்தும் எடுத்த கிருமியை வளர்த்து, ஒவ்வொன்றையும் வகைப்படுத்தினார்கள். 1980-ல் அந்த ஆய்வு கனடா நாட்டு நுண்ணுயிரியல் இதழில் வெளியாயிற்று. ஆற்றுமுகத்தின் உவர்நீரில் கிருமிகள் எப்படிக் குடியிருக்கின்றன என்ற இந்த அறிவே பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது.

வகைப்படுத்துவது என்றால் என்ன?

ஆதியாகமத்தில் ஆதாம் மிருகங்களுக்குப் பெயரிட்ட செய்தியை நாம் அறிவோம். அவனுக்கு முன்னால் வந்த மிருகங்களுக்குக் கொம்பும் வாலும் நிறமும் இருந்தன. கிருமிக்கு அப்படி ஒன்றும் இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் சின்னக் கோல், சின்ன உருண்டை, கொஞ்சம் வளைந்த கோல், அவ்வளவுதான். ஊருக்குள் ஒரே மாதிரி வெள்ளை வேட்டி கட்டின ஆயிரம் பேரைத் தூரத்திலிருந்து பார்ப்பது போல. இவர்களில் யார் நல்லவன், யார் திருடன் என்று பார்வையால் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொருவனையும் நிறுத்தி, கேள்வி கேட்டு, பதிலை எழுதி வைக்கிறார்கள். அந்தக் கேள்விகள்தான் ஆய்வுக்கூடப் பரிசோதனைகள்.

முதல் கேள்வி: நீ எதைச் சாப்பிடுகிறாய்? பேதிக்காரரின் மலத்திலிருந்து எடுத்ததை டி.சி.பி.எஸ். எனப்படும் ஒருவகை ஊட்டக் களியின் மேல் தடவி, இரவு முழுதும் இளஞ்சூட்டில் வைக்கிறார்கள். காலராக் கிருமிக்கு அதிலுள்ள சர்க்கரையைப் புளிக்க வைக்கத் தெரியும். ஆகையால் அது மஞ்சள் புள்ளியாய் வளரும். மீனில் வாழும் பாராஹீமோலிட்டிகஸுக்கு அது தெரியாது. அது பச்சைப் புள்ளியாய் நிற்கும்.

இரண்டாவது கேள்வி: உனக்கு உப்பு வேண்டுமா? பாராஹீமோலிட்டிகஸ் உப்பில்லாமல் வளரவே வளராது. காலராக் கிருமி உப்பு இல்லாமலும் வளரும். அதனால்தான் அது கடலோரத்தோடு நிற்காமல் குளத்துக்கும் குழாய்க்கும் வந்துவிடுகிறது.

மூன்றாவது கேள்விதான் நம் கதைக்கு முக்கியம்: நீ எந்தச் சட்டை போட்டிருக்கிறாய்? இக்கிருமிகளுக்குச் சர்க்கரைப் பொருள்களால் ஆன ஒரு மேற்போர்வை உண்டு. அந்தப் போர்வையை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளுகிற எதிர்ப்பொருளை முயலின் இரத்தத்திலிருந்து தயாரிக்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு சொட்டு எதிர்ப்பொருளும் கொஞ்சம் கிருமியும் கலந்தால், போர்வை பொருந்தினால் சட்டென்று பால் திரிந்தது போல் திரளும். பொருந்தாவிட்டால் கலங்கலாகவே இருக்கும். 1935-ல் ஏ. டி. கார்ட்னர் என்ற ஆங்கிலேயரும் கே. வி. வெங்கட்ராமன் என்ற இந்திய ஆய்வாளரும் இந்த முறையில்தான் காலராக் கிருமியைப் பிரித்து, கொள்ளைநோயை உண்டாக்குகிறதை ‘ஓ1’ என்று வகுத்தார்கள்.

ஒரு மனிதனின் விலாசத்தில் மாவட்டம், தாலுகா, ஊர், தெரு, கதவிலக்கம் என்று வருகிறது போலவே கிருமியின் விலாசமும் படிப்படியாய்க் குறுகி வரும். விப்ரியோ என்பது இனம். விப்ரியோ காலரே என்பது அதற்குள் ஒரு சிற்றினம். ஓ1 என்பது அதற்குள் ஒரு போர்வை வகை. அதற்குள்ளும் ‘கிளாசிக்கல்’, ‘எல் டோர்’ என இரு கிளைகள். எல் டோர் என்பது சீனாய் தீபகற்பத்தில் யாத்திரிகரைத் தங்கவைத்துச் சோதித்த ஊரின் பெயர். அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. 1961-ல் இந்தோனேஷியாவில் கிளம்பி இன்றுவரை ஓயாத ஏழாவது உலகக் காலராவுக்கு அந்த எல் டோர் கிளையே காரணம்.

பெயரிடுகிறவர்களுக்கு உடனே புகழ் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1854-ல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிலிப்போ பாச்சினி காலராவில் இறந்தவர்களின் குடலில் இக்கிருமியைக் கண்டு, அதற்கு விப்ரியோ என்று பெயரிட்டு எழுதினார். பெரும்பாலோர் கவனிக்கவில்லை. முப்பது ஆண்டுக்குப் பின் 1884-ல் ராபர்ட் கோச் கல்கத்தாவில் அதை வளர்த்துக் காட்டிய பிறகே உலகம் நம்பிற்று. பாச்சினி வைத்த பெயரே சரியான பெயர் என்று சர்வதேசக் குழு ஏற்றுக்கொண்டது 1965-ல். அப்போது அவர் இறந்து எண்பது ஆண்டுக்கு மேலாகியிருந்தது.

கல்கத்தாவில்

நாயர் பரங்கிப்பேட்டையிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்று, அந்நாட்களில் ‘நைசெட்’ என்று அழைக்கப்பட்ட தேசிய காலரா மற்றும் குடல்நோய் நிறுவனத்தில் சேர்ந்தார். காலரா அங்கே வருஷந்தோறும் வரும் விருந்தாளி. வார்டுக்கு வருகிற நோயாளிகளின் கிருமியையும், குளத்து நீரிலும் ஆற்று நீரிலும் இருக்கிற கிருமியையும் சேர்த்து ஆராய்வது அவருடைய வழக்கமாயிற்று.

அக்காலத்தில் ஆய்வுக்கூடங்களில் ஒரு பழக்கம் இருந்தது. ஓ1 எதிர்ப்பொருளோடு திரளாத விப்ரியோ காலரே கிருமிகளை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, ‘ஓ1 அல்லாதவை’ என்று எழுதி ஒதுக்கிவிடுவார்கள். அவை அங்கொருவர் இங்கொருவர் என்று பேதியை உண்டாக்கும். கொள்ளைநோயாகப் பரவமாட்டா என்பது எல்லாரும் நம்பிய கொள்கை. ஆனால் அந்த மூட்டைக்குள் இருந்தவை வேறு இனம் அல்ல. அமெரிக்காவைச் சேர்ந்த ரீட்டா கோல்வெல் அம்மையார், கிருமிகளை வகைப்படுத்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்திய முன்னோடிகளில் ஒருவர். அவரும் அவருடைய மாணவரும் 1970-ல் வெளியிட்ட ஆய்வுகள், ஓ1-உம் ஓ1 அல்லாதவையும் ஒரே சிற்றினம்தான், உடம்பு ஒன்று, சட்டைதான் வேறு என்று காட்டியிருந்தன. ஜப்பானில் சகசாகி, தோஷியோ ஷிமாடா ஆகியோர் பொறுமையாய் அந்தச் சட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியலிட்டு வந்தார்கள். 1992-ல் அந்தப் பட்டியல் ஓ138 வரை வந்திருந்தது.

யாருக்கு உபயோகம் என்று கேட்கத்தக்க பட்டியல்தான். அந்த வருஷக் கடைசியில் அதன் உபயோகம் தெரிந்தது.

1992 அக்டோபர்

1992 அக்டோபரில் சென்னையில் காலராவைப் போன்ற கடும் பேதி பரவிற்று. நோயாளிகளைப் பார்த்தால் காலராவேதான்: அரிசி கழுவின நீர் போன்ற பேதி, குழி விழுந்த கண், சுருங்கிய தோல், சில மணி நேரத்தில் அடங்கிப்போகிற நாடி. ஆனால் கண்ணாடித் தகட்டில் ஓ1 எதிர்ப்பொருளோடு கலந்தால் திரளவில்லை. பழைய புத்தகத்தின்படி இது கொள்ளைநோய்க் காலரா அல்ல. வார்டோ நிரம்பி வழிந்தது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இதே மாற்றம் காணப்பட்டது. எல் டோர் குறைந்து, ஓ1 அல்லாத கிருமி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டதை மேரி ஜேசுதாசன், ஜேக்கப் ஜான் ஆகிய இருவரும் 1993-ல் லண்டன் லான்செட் இதழில் எழுதினார்கள். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடம் ஆண்டாண்டாய்க் கணக்கு எழுதி வைத்திருந்ததால்தான், கணக்கு மாறினது அவர்கள் கண்ணில் பட்டது.

அந்த ஆண்டின் இறுதிக்குள் கல்கத்தாவிலும், பின்பு வங்காளதேசத்தின் தென்பகுதியிலும் நோய் புகுந்தது. வங்காளதேசத்தில் மட்டும் 1993-ன் முதல் மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சாதாரணமாய்க் காலரா அடிக்கடி வருகிற ஊர்களில் சிறுபிள்ளைகளே அதிகம் படுப்பார்கள். பெரியவர்கள் முன்பே ஒருமுறை அதைக் கண்டு எதிர்ப்பு பெற்றிருப்பார்கள். இம்முறை பெரியவர்களே கூட்டம் கூட்டமாய்ப் படுத்தார்கள். அவர்கள் உடம்புக்கு இந்தக் கிருமி புதியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

கல்கத்தாவில் நாயரும், டி. ராமமூர்த்தி, எஸ். கே. பட்டாச்சாரியா முதலிய அவருடைய தோழர்களும் இக்கிருமியை இரவு பகலாய்ச் சோதித்தார்கள். காலரா நஞ்சை உண்டாக்கும் மரபணு அதில் இருந்தது. இது கொள்ளைநோயாகும் சக்தி உடைய புதிய வகை என்று 1993 மார்ச்சில் லான்செட் இதழில் எச்சரித்தார்கள். கிருமியை ஜப்பானிலிருந்த ஷிமாடாவுக்கும் அனுப்பினார்கள். அவர் தம்மிடமிருந்த 138 வகை எதிர்ப்பொருள்களோடும் அதைக் கலந்து பார்த்தார். ஒன்றோடும் அது பொருந்தவில்லை. ஆகவே அதற்கு 139 என்ற எண் கொடுக்கப்பட்டது. வங்காள விரிகுடாவின் கரையோரமாய் வெளிப்பட்டதால் ‘ஓ139 பெங்கால்’ என்று பெயர் வைத்தார்கள். அந்த அறிவிப்பில் ஷிமாடா, நாயர் ஆகியோரோடு, முன்பு வேலூரில் பணியாற்றி அப்போது டாக்காவில் இருந்த ஜான் ஆல்பர்ட் பெயரும் இருக்கிறது.

138 சட்டைகளை எவரும் எண்ணி வைத்திராவிட்டால், இது 139-ஆவது என்று யாரால் சொல்லியிருக்க முடியும்? உபயோகமற்றதாய்த் தோன்றின பட்டியலே, வந்தவன் புதியவன் என்று சொல்லிற்று.

ஆட்டுத்தோல் போர்த்தவன்

இந்தப் புதியவன் எங்கிருந்து வந்தான்? போர்வையை நீக்கி உள்ளே பார்த்தபோது மரபணுக்கள் ஏறக்குறைய எல்லாம் பழைய எல் டோர் கிருமியினுடையவையே. மேற்போர்வையை நெய்கிற மரபணுப் பகுதி மட்டும் கழன்று, அந்த இடத்தில் வேறொரு விப்ரியோவினுடைய பகுதி வந்து உட்கார்ந்திருந்தது.

யாக்கோபு வெள்ளாட்டுக்குட்டியின் தோலைக் கைகளில் போர்த்துக்கொண்டு, கண் மங்கிய தகப்பனிடத்தில் போன சம்பவம் உங்களுக்கு நினைவு வரும். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் ஈசாக்கைப் போலத் தடவிப் பார்த்தே ஆளை அறிகிறது. தோல் மாறினால் ஏமாந்துபோகிறது. ஆய்வுக்கூடத்தின் ஓ1 பரிசோதனையும் அப்படியே ஏமாந்தது. கிருமிகள் ஒன்றுக்கொன்று மரபணுவைக் கடன் கொடுத்து வாங்குவதை விஞ்ஞானிகள் முன்பே அறிவார்கள். ஆனால் ஒரே மாற்றத்தால் லட்சக்கணக்கானவர்களின் எதிர்ப்புச் சக்தி வீணாய்ப்போவதை அவர்கள் கண்ணெதிரே கண்டது அப்போதுதான்.

எட்டாவது உலகக் காலரா தொடங்கிவிட்டது என்று பலரும் அஞ்சினார்கள். அப்படி நடக்கவில்லை. 1994-க்குள் கல்கத்தாவில் எல் டோர் திரும்பி வந்தது. 1996-ல் ஓ139 மறுபடி தலைதூக்கிப் பின் படிப்படியாய்த் தணிந்தது. ஆனாலும் அந்த இலக்கம் வீண்போகவில்லை. உலக சுகாதார நிறுவனம் காலரா என்று கணக்கிடுகிறவற்றில் ஓ1-உடன் ஓ139-ஐயும் சேர்த்துக்கொண்டது. 2009-ல் இந்தியாவில் அனுமதி பெற்ற வாய்வழிக் காலராத் தடுப்பு மருந்தில் இரு வகைகளும் இடம்பெற்றன. அம்மருந்தைக் கல்கத்தாவின் ஏழைக் குடியிருப்புகளில் கொடுத்துச் சோதித்ததில், ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கு 65 அளவுக்குப் பாதுகாப்பு கிடைத்தது.

பழைய மீன் கிருமி, புதிய முகம்

1996 பிப்ரவரியில் கல்கத்தா வார்டில் வேறொரு மாற்றம் தென்பட்டது. நாயர் பரங்கிப்பேட்டை மீன்களில் ஆராய்ந்த பாராஹீமோலிட்டிகஸ் திடீரென்று நோயாளிகளிடம் பெருகிற்று. அதுவரை இக்கிருமியின் கதை வேறு மாதிரி இருந்தது. மீனில் இருப்பவற்றில் பெரும்பாலானவை சாதுவானவை. சிவப்பணுக்களைக் கரைக்கும் நஞ்சை உண்டாக்குகிற சில மட்டுமே மனிதரைப் படுக்க வைக்கும். நோயாளிகளிடத்திலும் ஒரே சமயத்தில் பலவித போர்வை வகைகள் கலந்து காணப்படும். இம்முறை பெரும்பாலோரிடம் ஒரே வகை: ‘ஓ3:கே6’.

நாயரும் ஜப்பானின் மித்சுவாகி நிஷிபுச்சி முதலியோரும் அதன் மரபணுக் கைரேகையைப் பார்த்தார்கள். தென்கிழக்கு ஆசியாவுக்குப் போய் ஜப்பானுக்குத் திரும்பிய பயணிகளிடம் கிடைத்த கிருமியும் இதுவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று 1997-ல் அறிவித்தார்கள். பின்பு 1998-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் பச்சையாய்ச் சிப்பி தின்றவர்களிடமும், தென் அமெரிக்காவில் சிலி நாட்டிலும், 2004-ல் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கிலும் அதே வகை கண்டுபிடிக்கப்பட்டது. பாராஹீமோலிட்டிகஸ் உலகமெங்கும் பரவும் நோயாக எழும்பினது அதுவே முதல் தடவை. கதவிலக்கம் வரை விலாசம் எழுதி வைத்திராவிட்டால், கல்கத்தா நோயாளியும் டெக்சாஸ் நோயாளியும் ஒரே கிருமியால் விழுந்தவர்கள் என்பதை யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

1998-ல் மருத்துவ விஞ்ஞானத்துக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு நாயருக்கு வழங்கப்பட்டது. அதன் பின் சில ஆண்டுகள் டாக்காவிலுள்ள சர்வதேசப் பேதிநோய் ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வுக்கூடப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். அங்கே அவரும் அவருடைய தோழர்களும் கண்டது இன்னொரு கலப்பு. 2002-லும் 2006-லும் அவர்கள் வெளியிட்ட ஆய்வுகளின்படி, எல் டோர் கிருமி தன் கிளைக்குரிய அடையாளங்களை வைத்துக்கொண்டே, மறைந்துபோனதாய் நினைக்கப்பட்ட கிளாசிக்கல் கிளையின் நஞ்சை எடுத்துக்கொண்டிருந்தது. பழைய எல் டோரைவிட இந்தக் கலப்பு வகை நோயாளியைக் கடுமையாய் வாட்டுகிறது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். பின்பு நாயர் கல்கத்தா நிறுவனத்துக்கே இயக்குநராய்த் திரும்பி வந்தார்.

கேள்விக்குப் பதில்

இனி முதலில் சொன்ன கேள்விக்கு வருவோம். எந்தக் கிருமி என்று தெரிந்து என்ன பயன்?

படுக்கையில் கிடக்கிற நோயாளிக்கு அந்த மணி நேரத்தில் பெரிய பயன் இல்லை என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். ஓ1 ஆனாலும் ஓ139 ஆனாலும் அவருக்கு வேண்டியது இழந்த நீரும் உப்பும். 1971-ல் வங்காள அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பாத்திரங்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்து, நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவை நூற்றுக்கு நாலுக்கும் கீழே கொண்டு வந்தார். எந்த டாக்டரும் ஆய்வுக்கூடத்தின் முடிவு வருமட்டும் சலைனை நிறுத்தி வைப்பதில்லை, வைக்கவும் கூடாது.

பயன், அந்த நோயாளியின் தெருவுக்கு. சாதாரணப் பேதி என்றால் ஒருவருக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடலாம். காலரா என்று உறுதியானால் அதே குழாய்த் தண்ணீரைக் குடிக்கிற ஆயிரம் பேரைப் பற்றி உடனே யோசிக்க வேண்டும். 2022-ல் காரைக்காலில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது பேதி அதிகம் என்பதால் மாத்திரம் அல்ல. காலரா என்ற பெயர் உறுதியானதாலும்தான். அந்தப் பெயர் வந்தவுடன் தண்ணீர்த் தொட்டி, குழாய், குளோரின் என்று வேலை வேறு திசைக்குத் திரும்பிற்று.

பயன், அடுத்த ஊருக்கும். நம் கரையில் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் திருநள்ளாறுக்கும் திரளான ஜனங்கள் வந்து போகிறார்கள். இங்கே பிடித்த கிருமி எங்கே போய்ச் சேரும் என்பதை விலாசம் எழுதி வைத்தவர்களே கண்டுபிடிக்க முடியும்.

பயன், வருங்காலத்துக்கும். எந்தச் சட்டை ஊரில் நடமாடுகிறது என்று தெரிந்தால்தான் அதற்கு ஏற்ற தடுப்பு மருந்தைச் செய்ய முடியும். முன்பு கேட்ட மருந்துக்கு இப்போது கேட்காமல் போகிற கிருமியையும், ஒவ்வொரு மாதமும் சோதித்து எழுதி வைக்கிற ஆய்வுக்கூடமே முதலில் கண்டுகொள்ளும்.

வகைப்பாட்டிலிருந்து சேலைத் துணி வரை

இது விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய சமாசாரம் என்று எண்ணிவிட வேண்டாம். மேலே சொன்ன ரீட்டா கோல்வெல் அம்மையார் விப்ரியோக்களை வகைப்படுத்தியதோடு நிற்கவில்லை. அவை நோயாளியிடம் மட்டுமல்ல, ஆற்றுமுக நீரிலும் இயல்பாகவே வாழ்கின்றன என்பதைக் கண்டறிந்தார். அவை நீரில் மிதக்கும், கண்ணுக்கு எட்டியும் எட்டாததுமான சிறு பூச்சிகளின் ஓட்டில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கிருமியை வடிகட்ட முடியாவிட்டாலும் பூச்சியை வடிகட்டலாம் அல்லவா? வங்காளதேசத்தின் மத்லப் பகுதியில் 65 கிராமங்களில் சோதனை நடந்தது. தாய்மார்கள் குளத்து நீரைப் பழைய பருத்திச் சேலையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்துக் குடத்து வாயில் கட்டி வடிகட்டினார்கள். காலரா ஏறக்குறையப் பாதியாய்க் குறைந்தது என்று 2003-ல் வெளியிட்டார்கள். புதுச் சேலையைவிடத் துவைத்துத் துவைத்து நைந்த சேலையே நல்லது. நூல் இழைகள் பிரிந்து கண்கள் சிறுத்துப்போவதால் அது நன்றாய் வடிகட்டுகிறது.

நம் வீடுகளுக்கு இதிலிருந்து சில காரியங்கள்:

குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடிப்பதே முதன்மை. குழாயைப் பழுது பார்க்கிற நாட்களிலும், மழை வெள்ளத்துக்குப் பின்னும் இதில் தவறக் கூடாது. அடுப்புக்கு வழியில்லாத இடத்தில் சேலை வடிகட்டு ஒரு துணை. கொதிக்க வைப்பதற்கு அது ஈடு அல்ல.

மீன், இறால், நண்டு ஆகியவற்றை நன்றாய் வேக விட்டால் பாராஹீமோலிட்டிகஸ் செத்துப்போகும். பச்சை மீனை அரிந்த பலகையிலும் அரிவாள்மனையிலும் கழுவாமல் காய்கறியை அரியக் கூடாது.

பேதி தொடங்கின நிமிஷமே உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொடுக்கத் தொடங்கிவிட்டு, பின்பு வண்டி தேடுங்கள். வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே வாருங்கள். கடும் காலராவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரையிலும் நீர் போய்விடும்.

ஒரே தெருவில் இரண்டு மூன்று வீட்டில் ஒரே நாளில் பேதி என்றால் சுகாதார நிலையத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். டாக்டர் மலப் பரிசோதனைக்குக் கேட்டால் கூச்சப்படாமலும், மருந்து தொடங்குவதற்கு முன்பாகவும் கொடுங்கள். அந்தச் சிறு குப்பியிலிருந்துதான் மேலே சொன்ன விசாரணை எல்லாம் தொடங்குகிறது.

பிரியமானவர்களே, ஆய்வுக்கூடத்துக்கென்று நீங்கள் கொடுக்கிற காசுக்குப் படம் எடுத்து அனுப்ப எங்களிடம் குணமான குழந்தையின் முகம் இல்லை. மஞ்சள் புள்ளி விழுந்த ஒரு தட்டும், தேதி போட்டு எழுதிய ஒரு நோட்டுப் புத்தகமும்தான் இருக்கின்றன. ஆனால் 1992-ல் சென்னையிலும் வேலூரிலும் கல்கத்தாவிலும் வந்தவன் புதியவன் என்று சொன்னவை அப்படிப்பட்ட தட்டுகளும் நோட்டுகளுமே. கிருமி தன் சட்டையை இன்னும் மாற்றும். அந்த நோட்டை யாராவது தினந்தோறும் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.